வியாசர்பாடி வெள்ள வரைபடம்: பொறியாளர் ஏன் திருப்பிக் கொடுத்தார்?
வணக்கம். ஆய்வுக்காகச் செயற்கைக்கோள் உயரத் தரவில் வரைந்த, சென்னை வியாசர்பாடியின் வெள்ள வரைபடத்தை வார்டு பொறியாளர் ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தத் தரவின் ஒரு கட்டம் 30 மீட்டர்; அதற்குள் தெருவே மறைந்துவிடும். உயரப் பிழை மீட்டர் கணக்கில் வரும். அங்கே தண்ணீர் ஓடுமா நிற்குமா என்பது சில சென்டிமீட்டர் விவகாரம்.

ஒரே ஒரு வடிகாலை எடுங்கள். கேப்டன் காட்டன் கால்வாயில் விழும் வாயிலிருந்து ஆட்டோ லெவல் (உயர வேறுபாடு அளக்கும் கருவி) வைத்து, ஒவ்வொரு சேம்பரிலும் (மூடி போட்ட வடிகால் குழி) மூடி மட்டம், அடிமட்டம், வண்டல் கனம் குறியுங்கள். தொடங்கிய பெஞ்ச்மார்க்கிலேயே (உயரம் தெரிந்த நிலையான குறி) வந்து முடியுங்கள். இல்லையேல் பிழை எவ்வளவென்று தெரியாது. மூடியை மாநகராட்சி ஆட்களே திறக்கட்டும். உள்ளே யாரும் இறங்கவே கூடாது, விஷவாயு இருக்கலாம். ஸ்டாஃபை (அளவுக்கோலை) மேலிருந்தே விடுங்கள்.

மழைநாளில் கால்வாய் மட்டமும் வேண்டும். அது தெரு மட்டத்தைத் தாண்டினால் எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் திரும்பி வரும். இந்த மட்டங்களை வடிகாலின் நீளவாக்கில் வரைந்தால் நீள்வெட்டுப் படம். அதை வைத்துத்தான் அவரால் எஸ்டிமேட் போட முடியும்.