‘ஒண்ணுமில்லை’க்கு அடியில் என்ன இருக்கிறது?

உறவுகளில் மனம் திறந்து பேசுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் மனநல ஆலோசகர்கள் குழு பதில் தருகிறது.

கேள்வி: ஒரு பயிலரங்கில் ‘உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம்?’ என்று கேட்டார்கள். குடும்பம், நேர்மை, மகிழ்ச்சி என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவரும் அதையேதான் எழுதியிருந்தார்! உண்மையில் எனக்கு எது முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: திடீரென்று கேட்டால் யாருக்குமே நல்ல பெயர் வாங்கித் தரும் சொற்கள்தான் முதலில் வரும். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

இலக்கு வேறு, விழுமியம் (எப்படி நடந்துகொள்ள விரும்புகிறோம் என்பது) வேறு. ‘வீடு வாங்க வேண்டும்’ என்பது இலக்கு. வாங்கியதும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ‘என்னை நம்பியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பாக இருப்பது’ என்பது விழுமியம். வீடு வாங்கிய மறுநாளும் அது பாக்கி இருக்கும். இப்படிப் பார்த்தால் உங்கள் மூன்றில் ‘மகிழ்ச்சி’ விழுந்துவிடுகிறது. அது ஒரு விளைவுதான், நடந்துகொள்ளும் விதமல்ல. ‘குடும்பம்’ என்பது வாழ்க்கையின் ஒரு பகுதிக்குப் பெயர். அங்கே நீங்கள் பொறுமையானவராக இருக்க விரும்புகிறீர்களா, துணை நிற்பவராகவா, உண்மையை முகத்துக்கு நேரே சொல்பவராகவா? அந்தப் பதில்தான் விழுமியம்.

சீட்டு முறையில் செய்து பாருங்கள். 40 துண்டுச் சீட்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதுங்கள்: நேர்மை, சுதந்திரம், ஒழுங்கு, கருணை, துணிச்சல், நெருக்கம், கற்றல், நியாயம், அமைதி, படைப்பு, சிக்கனம், விசுவாசம் என்று. உங்களுக்குப் பிடிக்காதவற்றையும் எழுதுங்கள். பிறகு ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘எனக்கு அவ்வளவாக இல்லை’ என்று மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் அடுக்கில் 10 சீட்டுக்கு மேல் கூடாது. பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். 30 சீட்டை ‘மிக முக்கியம்’ என்று குவித்துவிட்டு, முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அது தேர்வே அல்ல. அந்தப் பத்தையும் இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, ‘இந்த வாரம் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?’ என்று கேட்டுக்கேட்டு ஐந்தாகக் குறையுங்கள். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே வரும் திண்டாட்டம்தான் இந்தப் பயிற்சியின் சாரம், அதை அவசரப்படுத்த வேண்டாம். ஒரு வாரம் கழித்து, பழைய முடிவைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் தங்கிய சீட்டுகளை நம்பலாம்.

தங்கியவற்றைச் சலித்தும் பார்க்க வேண்டும். லூயி ராத்ஸ், மெரில் ஹார்மின், சிட்னி சைமன் ஆகிய அமெரிக்கக் கல்வியாளர்கள் 1966-இல் வகுத்த ஏழு சோதனைகள் இன்றும் உதவும். நானாகத் தேர்ந்தெடுத்தேனா? வேறு வழிகளும் இருந்தபோது தேர்ந்தெடுத்தேனா? பின்விளைவை யோசித்தேனா? இதில் எனக்குப் பெருமிதம் உண்டா? நாலு பேர் முன்னால் சொல்வேனா? இதன்படி ஏதாவது செய்திருக்கிறேனா? திரும்பத் திரும்பச் செய்கிறேனா? அப்பா சொன்னதற்காக வைத்துக்கொண்ட ‘ஒழுங்கு’ பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே உதிரும். ஊருக்காகச் சொல்லும் ‘எளிமை’ கடைசி இரண்டில் மாட்டிக்கொள்ளும். உதிர்ந்தால் வருத்தப்பட வேண்டாம், அது இரவல்.

இரண்டு பொறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மரியாதை’ என்று எழுதுபவர்கள் பலரும் தங்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையைத்தான் நினைக்கிறார்கள். அது பிறர் கையில் இருப்பது. நீங்கள் கொடுப்பதாக மாற்றி எழுதினால் மட்டுமே அது உங்கள் விழுமியம். இன்னொன்று, ‘சண்டை போடாமல் இருப்பது’ போன்றவை. நடத்தை ஆய்வாளர் ஆக்டன் லிண்ட்ஸ்லியின் சோதனை இதற்குப் பொருத்தம்: ஒரு பிணத்தால் அதைச் செய்ய முடியும் என்றால் அது நடத்தையே அல்ல. சண்டை போடாமல் இருப்பதில் பிணத்தை யாரும் மிஞ்ச முடியாது.

கடைசியில் ஐந்து சீட்டின் பின்புறமும் இரண்டு எண்கள் எழுதுங்கள். இது எனக்கு எவ்வளவு முக்கியம், கடந்த ஏழு நாளில் இதன்படி எவ்வளவு நடந்தேன், இரண்டும் பத்துக்கு. ‘நெருக்கம்: 9, 2’ என்று வந்தால், அண்மையில் யார்மேலோ காரணமில்லாமல் எரிந்து விழுந்ததற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

கேள்வி: மனைவி ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்கிறேன். மறைக்கவில்லை, எனக்கே தெரியவில்லை. அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். எனக்கு ஏதாவது குறைபாடா?

பதில்: இருக்க வேண்டிய அவசியமில்லை. தன் உணர்வை இனங்கண்டு சொல்லில் வைக்க முடியாத இந்த நிலைக்கு மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970-களில் ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயர் வைத்தார். அது நோயின் பெயரல்ல, ஒரு தன்மையின் பெயர். சிலருக்குக் கொஞ்சம் இருக்கும், சிலருக்கு அதிகம். உணர்வைப் பேசவே பேசாத வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல் பழக்கம் குறைவாக இருப்பதும் உண்டு. பழகினால் வரும்.

உடம்பிலிருந்து தொடங்குங்கள், அது முந்திக்கொண்டு பேசும். இரண்டு வாரத்துக்கு, தினமும் காலை, மதியம், இரவு மூன்று முறை கைப்பேசியில் மணி வையுங்கள். அடித்ததும் ஒரு வரி: உடம்பில் எங்கே என்ன (தாடை இறுக்கம், நெஞ்சில் கனம், வயிற்றில் கலக்கம்), அதற்குப் பொருந்தும் ஒரு சொல், பத்துக்கு எத்தனை. ‘தோள் இறுக்கம், பதற்றம், 6.’ அவ்வளவு போதும், ஒரு நிமிட வேலை. காரணம் எழுத வேண்டாம். காரணத்தில் இறங்கினால் மனம் வழக்காடத் தொடங்கிவிடும், உணர்வு பின்னால் போய்விடும்.

சொல் கிடைக்காவிட்டால் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: வருத்தம், ஏமாற்றம், பயம், பதற்றம், வெட்கம், குற்ற உணர்வு, பொறாமை, தனிமை, சலிப்பு, ஆற்றாமை, நிம்மதி, நன்றி, பெருமை, ஆசை. ‘கோபம்’ என்று எழுதினால் அங்கேயே நிற்காமல் இன்னொரு சொல்லும் சேருங்கள். கோபத்தின் கூடவே அடிபட்ட உணர்வோ பயமோ அவமானமோ இருப்பது மிகச் சாதாரணம்.

உணர்வுக்குப் பெயர் வைப்பதே அதைச் சற்றுத் தணிக்கும். 2007-இல் மாத்யூ லீபர்மன் குழு வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், முகங்களில் தெரியும் உணர்வுக்குச் சொல் தேர்ந்தெடுத்தபோது, அச்சுறுத்தலுக்கு எதிர்வினை காட்டும் அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் பெயர் சரியாக இருக்க வேண்டும். ‘அவள் என்னை மதிக்கவில்லை என்று உணர்கிறேன்’ என்பதில் உணர்வே இல்லை, அவள்மேல் ஒரு தீர்ப்புதான் இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது ‘சின்னவனாகிவிட்ட மாதிரி இருக்கிறது’ என்பதாக இருக்கலாம்.

இதெல்லாம் பழகும்வரை ‘ஒண்ணுமில்லை’க்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்: “ஏதோ இருக்கு, என்னன்னு எனக்கே இன்னும் பிடிபடலை. ராத்திரி சாப்பிட்டதும் சொல்றேன்.” அன்று இரவு, அவள் கேட்கும்முன் நீங்களாகப் பேச்சை எடுங்கள். பாதிதான் தெரிகிறது என்றால் பாதியைச் சொல்லுங்கள். இதை இரண்டு முறை மறந்தால் ‘ஒண்ணுமில்லை’யைவிட மோசமாகிவிடும்.

கேள்வி: ‘நீ’ என்று குற்றம் சாட்டாமல் ‘எனக்கு’ என்று பேசச் சொல்கிறார்கள். “நீங்க என்னைக் கண்டுக்கிறதே இல்லைன்னு எனக்குத் தோணுது” என்று சொன்னேன். அதற்கும் சண்டை வந்தது.

பதில்: வரத்தான் செய்யும். ‘எனக்குத் தோணுது’ என்று சட்டை மாற்றி வந்த குற்றச்சாட்டு அது. கேட்டவர் சட்டையைப் பார்க்கமாட்டார்.

உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் வகுத்த நான்கு படிகள் உண்டு: பார்த்தது, உணர்ந்தது, அதன் பின்னுள்ள தேவை, வேண்டுகோள். உங்கள் வாக்கியத்தை அதில் போட்டுப் பார்ப்போம். “இந்த வாரம் மூணு நாள் நான் பேசிட்டிருக்கும்போது ஃபோனைப் பார்த்தீங்க. எனக்குத் தனியா இருக்கிற மாதிரி வருத்தமா இருந்துச்சு. நாள் முழுக்கப் பிரிஞ்சிருந்துட்டு வர்றப்ப, நம்ம நெருக்கம் எனக்கு முக்கியம். இன்னைக்கு ராத்திரி 15 நிமிஷம் ஃபோனை அடுத்த ரூம்ல வெச்சுட்டுப் பேசலாமா?”

முதல் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கேமரா வைத்திருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அது மட்டுமே வர வேண்டும். ‘கண்டுக்கிறதே இல்லை’ கேமராவில் விழாது, ‘ஃபோனைப் பார்த்தீங்க’ விழும். ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற சொற்கள் வந்தால், கேட்பவர் உங்கள் வருத்தத்தை விட்டுவிட்டு, அப்படி இல்லாத ஒருநாளைத் தேடப் போய்விடுவார். கண்டும்பிடிப்பார்.

மூன்றாவது படியில், முதல் பதிலில் சொன்ன விழுமியச் சீட்டுகள் வேலைக்கு வருகின்றன. எது முக்கியம் என்று தெரியாதவர் இந்த இடத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் மறுபடி குற்றம் சொல்லத் தொடங்குவார். வருத்தம் வந்ததே உங்களுக்கு வேண்டிய ஒன்று அடிபட்டதால்தான். அதைப் பெயர் சொல்லிக் காட்டினால் கேட்பவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் அவசரம் குறைகிறது.

நான்காவது படிக்கு அளவுகோல்: இன்றோ நாளையோ செய்யக்கூடியது, எண்ணக்கூடியது, ‘செய்யாதீங்க’ என்று இல்லாமல் ‘செய்யலாமா’ என்று கேட்பது. ‘அக்கறையா இருங்க’ என்பதை யாராலும் செய்து முடிக்க முடியாது. ‘முடியாது’ என்ற பதிலுக்கும் இடம் வையுங்கள். மறுத்தால் முகம் தூக்குவீர்கள் என்றால் அது வேண்டுகோள் அல்ல, கட்டளை. மறுத்தால் “எப்போ முடியும்?” என்று மட்டும் கேளுங்கள்.

நான்கும் சேர்ந்து 30 விநாடிக்குள் முடியட்டும். நீண்டால் சொற்பொழிவு. பாராட்டுக்கும் இதே சட்டகம் பொருந்தும், நான்காவது படி மட்டும் வேண்டாம். உண்மையில் பாராட்டில் பழகிவிட்டுக் குறைக்கு வருவதுதான் நல்ல வரிசை. குறை சொல்ல மட்டும் இந்த நடையை எடுத்தால், ‘இந்த வாரம் மூணு நாள்...’ என்று தொடங்கியதுமே எதிரில் இருப்பவர் கவசம் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: பேச உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் நான் கத்துகிறேன், அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

பதில்: நீங்கள் இருவருமே அப்போது ஒரே நிலையில் இருக்கிறீர்கள். தம்பதியரைப் பல பத்தாண்டுகள் ஆய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் உணர்ச்சி மூழ்கடிக்கும் இந்த நிலையை ‘வெள்ளப்பெருக்கு’ (flooding) என்கிறார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும்போது காதில் விழுவது மூளையில் தங்குவதில்லை. ஒருவர் கத்துவதும் மற்றவர் சுவராகிவிடுவதும் அதன் இரண்டு முகங்கள்.

இடைவேளை சரியான மருந்து, ஆனால் சொல்லாமல் போவது இடைவேளை ஆகாது. சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் ஒரு சொல்லையோ சைகையையோ முடிவு செய்யுங்கள். யார் எழுகிறாரோ அவரே திரும்பும் நேரத்தையும் சொல்ல வேண்டும்: “எனக்கு நிறுத்தணும், எட்டரைக்கு வர்றேன்.” குறைந்தது 20 நிமிடம், உடம்பு அடங்க அவ்வளவாவது ஆகும். அந்த நேரத்தில் ‘அவர் அப்படிச் சொன்னாரே, நான் இப்படிச் சொல்லியிருக்கணுமே’ என்று ஓட்டிப் பார்த்தால் துடிப்பு இறங்கவே இறங்காது. நடங்கள், குளியுங்கள், பாத்திரம் கழுவுங்கள். எட்டரைக்கு வந்தவர் முதலில் மற்றவர் சொன்னதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். தன் பக்கம் அதற்கப்புறம்.

கேள்வி: எனக்கு எல்லாவற்றையும் பகிர வேண்டும். என் கணவருக்குத் தனிமை வேண்டும். விழுமியமே வேறு வேறு என்றால் சேர்ந்து வாழ முடியுமா?

பதில்: முடியும். தம்பதியர் இடையிலான சிக்கல்களில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்பது காட்மன் குழுவின் கணக்கு. தீர்ப்பதைவிட அதைப் பற்றிப் பகையில்லாமல் பேசிக்கொண்டிருப்பதுதான் அங்கே வேலை.

இருவரும் தனித்தனியாகச் சீட்டு பிரித்துவிட்டு ஐந்தைந்தையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: “இது நடந்துச்சுன்னு உனக்கு எதை வெச்சுத் தெரியும்?” உங்கள் ‘பகிர்தல்’ என்பது, முக்கிய முடிவு எடுக்கும்முன் உங்களிடம் சொல்வது என்றும், அவருடைய ‘தனிமை’ என்பது, வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் யாரும் கேள்வி கேட்காமல் இருப்பது என்றும் தெரியவந்தால், மோதலே இல்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் இடம் உண்டு. மோதல் மெய்யாகவே இருந்தால், ‘இதற்குக் கீழே எனக்கு முடியாது’ என்ற ஒரு வரியை ஒவ்வொருவரும் எழுதுங்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் பேரத்துக்குரியது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது போல நடுவே இடமே இல்லாத விஷயங்களும் சில உண்டு. அவற்றுக்கு நல்ல பேச்சுமுறை மட்டும் போதாது, ஆலோசகரிடம் சேர்ந்து போங்கள்.

கேள்வி: மனதில் இருப்பதைச் சொன்னால், அடுத்த சண்டையில் அதையே எடுத்துக் குத்துகிறார். அப்புறமும் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். மனம் திறப்பது கடமை இல்லை, நம்பிக்கை உள்ள இடத்தில் செய்வது. ஒருமுறை நடந்திருந்தால், அமைதியான நேரத்தில் அதைத்தான் முதல் பேச்சாக எடுங்கள்: “நான் சொன்னதைச் சண்டையில எடுத்தீங்க. இனிமே அப்படி நடக்காதுன்னு தெரிஞ்சாதான் என்னால பேச முடியும்.” கேட்டபிறகும் தொடர்ந்தால் சின்ன விஷயங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடி, மிரட்டல், பணத்தையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்துவது ஆகியவை இருந்தால் இந்தப் பக்கத்தில் சொன்ன எந்தப் படியும் உங்களுக்கானது அல்ல. நம்பகமான ஒருவரிடமும் உதவி அமைப்பிடமும் அவருக்குத் தெரியாமல் பேசுங்கள்.

கேள்வி: நேரில் சொல்ல வரவில்லை. எழுதிக் கொடுக்கலாமா? வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

பதில்: எழுதலாம். இரவு எழுதி, காலையில் படித்து, ‘நீ’ என்று தொடங்கும் வரிகளை அடித்துவிட்டு, மீதியைக் கையில் கொடுங்கள். எப்போது பேசலாம் என்ற நேரத்தையும் அதிலேயே குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப் அந்த நேரத்தை முடிவு செய்ய மட்டும்தான். வருத்தத்தை அதில் அனுப்பினால், நீல டிக் விழுந்து பதில் வராத ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்களே ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்வீர்கள்.