ஒரே இடத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால் பிறவிக் குறையாக இருக்குமா?

குழந்தைக்கு இடது நுரையீரலின் அடிப்பகுதியிலேயே மீண்டும் மீண்டும் நிமோனியா வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பிறவிக் குறையாக இருக்கலாம். இடம் மாறாமல் வருவதுதான் முக்கியமான தடயம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மூச்சுக்குழாயில் ஏதேனும் பொருள் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்து நினைக்க வேண்டியது 'பல்மனரி சீக்வெஸ்ட்ரேஷன்'. மூச்சுக்குழாயோடு முறையான இணைப்பின்றிப் பிறவியிலேயே தனித்து வளர்ந்த நுரையீரல் திசு இது. இதற்கு ரத்தம் நுரையீரல் தமனியிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியிலிருந்தே ஒரு கிளை நேராக வந்து சேர்கிறது. எக்ஸ்ரேயில் வெறும் வெண்திட்டாகத் தெரிவதால் நிமோனியா என்றே கருதிவிடுவது எளிது. அந்தக் கிளையைத் தெளிவாகக் காட்டுவது சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்.

ஸ்கேன் மேல்வயிறு வரை நீள வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். சிலருக்கு அந்தத் தமனி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசைக்குக் கீழிருந்து ஏறி வருகிறது. அது தெரியாமல் அறுவை செய்தால் கடும் ரத்தப்போக்கு ஏற்படலாம். கட்டி என்று நினைத்து ஊசியால் திசு எடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. ரத்தம் எந்தச் சிரையில் வடிகிறது என்பதையும் கதிரியக்க நிபுணரிடம் கேளுங்கள்.

கருவிலேயே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இது தென்படுவதும் உண்டு. பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.