அடாப்டரில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் உரக்கடையில் நாலு கேமரா போட்டிருக்கிறோம். போன மாதம் இடியில் அடாப்டர் போய்விட்டது. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதின ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பகலில் படம் நன்றாக வருகிறது. பொழுது சாய்ந்ததும் நாலும் அணைந்து அணைந்து வருகிறது, பின்பக்கக் கொட்டகையில் இருப்பது வருவதே இல்லை. கேமராவையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றணுமா?

பதில்: வேண்டாம், கேமரா மேல் தப்பில்லை. இருட்டினதும் கேமரா தன் இன்ஃப்ராரெட் எல்இடிகளை (இருட்டில் படம் எடுக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத விளக்குகள்) போட்டுக்கொள்ளும், அப்போதுதான் முழுக் கரண்டையும் இழுக்கும். கேமரா ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று பாருங்கள். 6 வாட் என்று இருந்தால் நாலுக்கும் சேர்த்து 24, அதை 12-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். அதாவது உங்கள் அடாப்டர் ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே கொடுத்தாலும் மிச்சம் ஒன்றுமில்லை, 150 ரூபாய்ச் சரக்கு பெரும்பாலும் அதைக் கொடுக்காது. நானும் ஒருமுறை இதே மாதிரி ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், கையளவு பெட்டிக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு, மீதி காற்று.

12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (இன்று வரும் எடை குறைந்த அடாப்டர் வகை) வாங்குங்கள். 5 ஆம்பியர் கேமராவைக் கருக்கிவிடாதா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கருக்காது. வோல்ட்தான் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் என்பது அடாப்டரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கான எண், கேமரா தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கொட்டகைக் கேமரா வேறு கதை. அது கடைமடை வயல் மாதிரி, தலைப்பில் திறந்த தண்ணீர் முழுசாக அங்கே போய்ச் சேராது. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 மீட்டர் தூரத்துக்கு அரை ஆம்பியர் ஓடினால், போக 40 வர 40 என்று 80 மீட்டர் கம்பியில் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே தீர்ந்துபோகும். மலிவு கேபிளில் கம்பி இதைவிட மெல்லிசாக இருக்கும், இழப்பும் கூடும். 230 வோல்ட் லைனில் ஒன்றரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது, 12-இல் போனால் இருட்டினதும் படம் நின்றுவிடும். கொட்டகையில் பிளக் பாயிண்ட் இருந்தால் அங்கேயே தனி அடாப்டர் மாட்டிவிடுங்கள், முடிந்தது.

வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு முத்திரையையும் ‘ஆர்’ எழுத்தோடு வரும் பதிவு எண்ணையும் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். பில் வாங்காமல் வராதீர்கள், பில் இருந்தால்தான் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லும்போது பேச்சு எடுபடும்.

கேள்வி: திருவையாறு. நடவு நேரத்தில் சுற்றிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வீட்டில் 170 வோல்ட்தான் வருகிறது. வைஃபை பெட்டிக்கு ஸ்டெபிலைசர் வேணுமா? கனமான பழைய அடாப்டரைப் போடு, மின்னலுக்கும் அதுதான் தாங்கும் என்கிறார் மாமா.

பதில்: ஸ்டெபிலைசர் வேண்டாம். மாமா சொல்கிற கனமான அடாப்டருக்குள் இரும்பிலும் செம்பிலும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது 230-ஐ ஒரே விகிதத்தில் குறைக்கும், நாலு டையோடு அதை ஒரே திசையில் ஓட வைக்கும், கெப்பாசிட்டர் ஏற்ற இறக்கத்தை நிரவும், அவ்வளவுதான். 170 வந்தால் வெளியே வருவதும் கால்வாசி குறைந்துவிடும். இன்றைய எஸ்எம்பிஎஸ் தலைகீழ் முறை. லைனில் வரும் 230-ஐ முதலிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் டிசியாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி விடும், அதனால்தான் கட்டைவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மர் போதுகிறது. வெளியே 12 வருகிறதா என்று தானே பார்த்து வெட்டுகிற அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஸ்டிக்கரில் 100–240 என்று இருந்தால் உங்கள் 170 அதற்குப் பிரச்சினையே இல்லை.

மின்னலுக்குப் பழசு கொஞ்சம் தாங்கும் என்பதில் மாமா சரிதான். ஆனால் மழை கட்டினால் எதுவாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜர் சும்மா கிடக்கிறது, பின் சரியாகப் பொருந்துகிறது. மோடத்துக்குப் போடலாமா?

பதில்: கூடாது. அது 19 வோல்ட்டாக இருக்கும், மோடம் பெரும்பாலும் 12.

கேள்வி: கும்பகோணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைக்கப் போகிறேன். மேசையில் வைக்கிற டிசி பவர் சப்ளை 15 வோல்ட்டா, 30 வோல்ட்டா?

பதில்: போன் மட்டும் என்றால் 15 தாராளம். போன் பேட்டரி முழுசாக ஏறினாலே 4.2 முதல் 4.5 வோல்ட் பக்கம்தான். லேப்டாப்பும் பார்ப்பதாக இருந்தால் 30 வாங்குங்கள். வோல்ட்டைவிட முக்கியம் இரண்டு: ஆம்பியருக்குத் தனித் திருகு, மில்லி ஆம்பியர் வரை காட்டுகிற டிஸ்ப்ளே. பவர் பட்டனை அழுத்தாமலே கரண்ட் ஏறினால் போர்டில் ஷார்ட் என்று இதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பீர்கள், திருகைக் குறைத்து வைத்திருந்தால் ஷார்ட்டான போர்டு புகையாமலும் தப்பும். சிதம்பரத்துக் கவரிங் பட்டறைகளில் முலாம் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ரெக்டிஃபையரும் (ஏசியை டிசியாக்கும் பெட்டி) இதே இனம்தான், அங்கே வோல்ட் கொஞ்சம், ஆம்பியர் ஏராளம், அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தச் செகண்ட்ஹேண்டைத் தூக்கி வந்துவிடாதீர்கள்.