தெரியாமலா இருந்தார்கள்?

கேள்வி: ருவண்டாவிலும், 2009இல் முடிந்த போரின்போது இலங்கையின் வன்னியிலும் நடந்தவை உரிய நேரத்தில் உலகத்துக்குத் தெரியவரவில்லை. இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருப்பதால், அத்தகைய பேரழிவை இனி எந்த அரசும் கைகட்டிப் பார்த்திருக்க முடியாதல்லவா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தெரியவரவில்லை என்பதே பிழை. ருவண்டாவில் 1994 ஏப்ரல் 7ஆம் திகதி துட்சி மக்களைக் குறிவைத்த கொலைகள் தொடங்கின. இரண்டு வாரங்களில் ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடி, சுமார் 2,500 பேர் கொண்டிருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்க ஏகமனதாகத் தீர்மானித்தது. கொலைகளை நடத்திய அரசின் பிரதிநிதிக்கும் அவ்வாண்டு அச்சபையில் ஓர் ஆசனம் இருந்தது! மே 1ஆம் திகதியிட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களக் குறிப்பொன்று, ‘இனப்படுகொலை’ என்று ஒப்புக்கொண்டால் ஏதாவது செய்தாக வேண்டி வரலாம், அவதானம் என்று எச்சரித்தது. ஜூனில் இராஜாங்கத் திணைக்களப் பேச்சாளர் ‘இனப்படுகொலைச் செயல்கள்’ நடந்துள்ளதாகச் சொன்னபோது, அத்தகைய செயல்கள் எத்தனை சேர்ந்தால் ஓர் இனப்படுகொலையாகும் என்று செய்தியாளர் ஒருவர் கேட்டார். அதற்குப் பதிலளிக்கும் நிலையில் தாம் இல்லை என்றார் பேச்சாளர்.

இந்தச் சொற்சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இனப்படுகொலையைத் தண்டிக்க மட்டுமல்ல, தடுக்கவும் அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. பாரிய ஆபத்து இருப்பதை ஓர் அரசு அறிந்த கணத்திலேயே அக்கடமை தொடங்கிவிடுகிறது என்று, செர்பியாவுக்கு எதிராகப் பொஸ்னியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2007இல் கூறியது. ஆகவே அறிந்ததைப் பெயர் சொல்லி அழைக்காதிருப்பது வெளிநாட்டு அமைச்சுகளுக்குப் பழகிப்போன தற்காப்பு.

வன்னியை நான் சொல்லித்தானா நீங்கள் அறிய வேண்டும்? பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாதென அரசாங்கம் அறிவித்ததும், 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள்; போகாதீர்கள் என்று சனங்கள் அலுவலக வாசலில் நின்று மன்றாடினார்கள். (மக்களை வெளியேறவிடாமல் தடுத்துவைத்த புலிகளின் பொறுப்பை இதனால் நான் குறைத்துக் காட்டவில்லை.) மறு ஆண்டு, பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் இலங்கை இடம்பெறவேயில்லை, உறுப்பினர்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையொன்றில் முறைசாராது கூடிப் பேசினார்கள். உயிரிழப்புக் கணக்கு ஐ.நா. அதிகாரிகளிடம் இருந்தும் அதை வெளியிடத் தயங்கியதை, அந்த நிறுவனத்தின் சொந்த மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. போர் முடிந்த சில நாட்களில், மே 27ஆம் திகதி, ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை அந்த முடிவை வரவேற்கும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 12 நாடுகள். இந்தியா ஆதரித்தோர் பக்கம் நின்றது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி உங்கள் கைப்பேசிக்கு வருவோம். 2023 டிசெம்பர் 8ஆம் திகதி, காஸாவில் உடனடிப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்குப் பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினர்களில் 13 பேர் ஆதரவளித்தார்கள், பிரித்தானியா வாக்களிக்கவில்லை, அமெரிக்கா தனித்து நின்று வீட்டோ எனும் தடை அதிகாரத்தால் அதை வீழ்த்தியது. அந்தக் கை உயர்ந்த வேளையில் காஸாவின் காட்சிகள் வெள்ளவத்தையில் உங்கள் கைப்பேசியிலும்தான் ஓடிக்கொண்டிருந்தன.