18 வயது முடிந்தால் ஆதரவும் முடிந்துவிடுமா?

கேள்வி: எட்டு வயதிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். மூன்று ஆண்டுகளாக, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி ஒரு குடும்பத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் 18 வயது முடிகிறது. அதன்பின் பணம் வராது, நான் கிளம்ப வேண்டியதுதான் என்கிறார்கள். கல்லூரியில் சேர முடியுமா? – வாசகி, தமிழ்நாடு

பதில்: நிச்சயம் சேரலாம். ஆனால் இந்த மூன்று மாதத்தை வீணாக்கிவிடாதீர்கள்.

உங்களுக்காக அந்தக் குடும்பத்துக்கு வரும் தொகை 18 வயதோடு நிற்பது உண்மை. அவர்கள் மனமுவந்து வைத்துக்கொண்டால் நீங்கள் அங்கேயே இருக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் போகச் சொன்னால் மறுக்க உரிமை இல்லை. இது தத்து அல்ல என்பதால் அவர்கள் சொத்திலும் பங்கு கிடையாது.

உங்களுக்குக் கைகொடுப்பது ‘பிற்காப்பு’ (After Care), அதாவது 18 வயது முடிந்து பராமரிப்பிலிருந்து வெளியேறுபவர் சொந்தக் காலில் நிற்கத் தரப்படும் உதவி. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆம் பிரிவில் இது வருகிறது. 21 வயது வரை, விதிவிலக்கான சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கான தொகை மாதம் ரூ.4,000. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழு வீடு, உயர்கல்வி உதவித்தொகை, தொழிற்பயிற்சி ஆகியவற்றையும் விதிகள் சொல்கின்றன.

சிக்கல் இங்கேதான். அந்தப் பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு உதவி ‘வழங்கலாம்’ என்கிறது; ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அதோடு, “நீ குடும்பத்தில்தானே இருந்தாய்?” என்று கேட்டு மறுக்கவும் இடமிருக்கிறது. உங்களைப் போல் குடும்பங்களில் வைக்கப்பட்ட பிள்ளைகளையும் சட்டம் தெளிவாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போதைக்கு, மனுவின் முதல் பத்தியிலேயே இல்லத்தில் இருந்த ஆண்டுகளை எழுதி, இல்லத்தில் சேர்த்த உத்தரவையும் குடும்பத்தில் வைத்த உத்தரவையும் இணையுங்கள். என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, கட்டணமும் விடுதிச் செலவும் எவ்வளவு என்று தொகையோடு குறிப்பிடுங்கள்.

மனுவைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுங்கள். நகல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு. இரண்டிலும் தேதியுடன் பெறுகை முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கேட்டதற்குச் சான்றே இருக்காது. 18 முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே உங்களுக்கான வெளியேற்றத் திட்டம் (வெளியேறிய பின் என்ன உதவி தேவை என்று அதிகாரிகள் எழுதும் அறிக்கை) குழுவிடம் போக வேண்டும் என்கிறது மத்திய மாதிரி விதி. இதுவரை யாரும் உங்களிடம் பேசவில்லை என்றால், அது எழுதப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்குப் பிறகும் மனு கொடுக்கலாம்தான். ஆனால் “18 முடிந்தவர் எங்கள் வரம்பில் இல்லை” என்ற பதிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பணம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மைனர் கணக்கு வைத்திருந்தால், 18 ஆனதும் ஆதார், புதிய கையெழுத்து கொடுத்து மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் தொகை முடங்கிப்போவது உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000-க்கும் விண்ணப்பியுங்கள்.

குழு மறுத்தால் எழுத்தில் உத்தரவு கேளுங்கள். பிற்காப்பு குறித்த மேல்முறையீடு நீதிமன்றத்துக்கு அல்ல, மாவட்ட ஆட்சியருக்கு, 30 நாளுக்குள். வழக்கறிஞர் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்பதால், வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை நியமிக்கும். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம்.