வால் கனமும் இறக்கை முறுக்கும்

கேள்வி: பால்சா மரத் துண்டுகள் அடங்கிய தொகுப்பைக் கொண்டு, ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றை முதன்முறையாகக் கட்டி வருகிறேன். மேலே போர்த்தும் பிளாஸ்டிக் பிலிம் ஒட்டுவதுதான் பாக்கி. வலது இறக்கை முனையருகே முறுக்கிக்கொண்டிருக்கிறது. வாலும் கனமாகத் தொங்குகிறது. மூக்கில் ஈயம் வைத்தால் போதுமா? இறக்கையைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஈயத்தைத் தேடுவதற்கு முன் வாலைக் கவனியுங்கள். விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியான ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கை விட வால் வெகு தொலைவில் இருப்பதால், அங்கே கூடுகிற ஒவ்வொரு கிராமையும் ஈடுகட்ட மூக்கில் 2 அல்லது 3 கிராம் ஏற்ற வேண்டிவரும். ஒரே அளவுள்ள இரு பால்சாப் பலகைகளில் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு எடை இருப்பது சாதாரணம். ஆகவே லேசான மரம் வாலுக்கும் கெட்டியான மரம் இறக்கையின் நீளவாக்கில் ஓடிப் பாரம் தாங்கும் ஸ்பாருக்கும் போக வேண்டும். கட்டி முடித்துவிட்ட நிலையில், வால் தகடுகளின் விளிம்புகளை உப்புத்தாளால் இழைத்து உருட்டுங்கள். பிதுங்கி நிற்கும் பசையையும் நீக்குங்கள். எபாக்ஸி என்னும் கனமான பசை, மோட்டார் பூட்டும் தடுப்புக்கும் சக்கரக் கம்பி பொருந்தும் இடத்துக்கும் உரியது. வாலில் அது வீண் சுமை. பிறகு பேட்டரியை முன்னால் நகர்த்திப் பாருங்கள். அதன்பின்னும் குறை இருந்தால் மட்டுமே ஈயம்.

இறக்கையைப் பிரிக்க வேண்டாம். ஆனால் முதலில் வரைபடத்தைப் பாருங்கள், ஏனெனில் சில வடிவமைப்புகளில் முனையருகே பின் விளிம்பு வேண்டுமென்றே 2, 3 பாகை உயர்த்தப்பட்டிருக்கும்; அது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஒரு பக்கம் மட்டும் முறுக்கியிருந்தால், நேர்ப் பறப்பில் டிரிம்மை (ரிமோட்டில் செய்யும் நுண் திருத்தத்தை) வைத்துச் சமாளித்துவிடலாம் என்றாலும், இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது முன் விளிம்பு தூக்கிய முனை முதலில் தூக்குவிசையை இழந்து, விமானம் அந்தப் பக்கமாகச் சட்டெனக் கவிழும். புதியவர்களின் விமானங்கள் பல தரையிறங்கும் நேரத்தில் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கையை வைத்துக் கட்டிய மேடைப் பலகையிலிருந்து, பசை காயுமுன் எடுத்ததால் வந்த முறுக்காக இருக்கலாம். பலகையே வளைந்திருந்தாலும் இப்படி ஆகும். சூட்டில் சுருங்கும் பிலிமைக் கொண்டே இதைத் திருத்தலாம். பிலிமை ஒட்டியபின் ஒருவர் இறக்கையை எதிர்த்திசையில், தேவைக்குச் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடிக்க, மற்றவர் மேலும் கீழும் சூடு காட்ட வேண்டும். ஆறும் வரை கையை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டால் பழையபடி திரும்பிவிடும்.

பிலிமும் வாலில் எடை கூட்டும் என்பதால், ஈர்ப்பு மையத்தை அதன்பிறகே இறுதியாகச் சரிபாருங்கள். வரைபடத்தில் குறி இல்லையென்றால், பயிற்சி விமானத்துக்கு முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள், அதாவது 20 சென்டிமீட்டர் இறக்கையில் 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் அது விழ வேண்டும்.