கே என்ற எழுத்து

அன்புள்ள சார்,

அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கே 5.6 என்று போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி இருந்தது. வைட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்கும், கீரையில் அதிகம் என்று படித்தேன். அதனால் கீரையை நிறுத்திவிட்டுத் தினமும் இளநீர் கொடுக்கிறேன். சரிதானே? டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும்.

வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இளநீரை நிறுத்துங்கள். இன்றே டாக்டருக்குப் போன் செய்து அந்த 5.6-ஐச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அது வைட்டமின் அல்ல, பொட்டாசியம். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்து வரிகளில் என்ஏ என்று சோடியமும் சிஎல் என்று குளோரைடும் இருக்கும். எண்ணை அடுத்து மில்லிமோல் என்ற அளவு இருக்கும். பொட்டாசியம் வழக்கமாக 3.5 முதல் 5 வரை. மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இளநீரில் அது நிறைய. கீரையிலும் உண்டு என்பதால், நீங்கள் நினைத்த காரணம் வேறானாலும் நிறுத்தியதில் தவறில்லை.

பொட்டாசியத்துக்கு ஏன் கே? செடிகளை எரித்த சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து லத்தீனில் கேலியம் என்ற பெயர் வந்தது. 1807-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்சாரம் செலுத்தி இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்துப் பொட்டாசியம் என்றார். ஜெர்மானியர்களுக்கு இன்றும் அது கேலியம்தான். ஆங்கிலத்தில் டேவியின் பெயர் நிலைத்தது, குறியீடு மட்டும் லத்தீனிலேயே நின்றுவிட்டது.

வைட்டமினின் கதை டென்மார்க்கில். கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு உடம்புக்குள் ரத்தம் கசிவதை அந்நாட்டு விஞ்ஞானி ஹென்ரிக் டாம் கண்டார். உறைதலைக் குறிக்கும் சொல் ஜெர்மனில் கே-யில் தொடங்கும். 1935-ல் அந்த எழுத்தையே வைட்டமினுக்கு வைத்தார். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு முதலெழுத்து சி.

இதே கே வெப்பநிலைக்கு அருகே வந்தால் அது கெல்வின் என்ற அலகு. சின்ன எழுத்தாக கிராமுக்கு முன்னால் வந்தால் கிலோ. நம் பழைய ஏடுகளிலும் இப்படித்தான், க என்பது எழுத்தும் ஆகும், ஒன்று என்ற எண்ணும் ஆகும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. உங்கள் ரிப்போர்ட்டில் அந்தப் பக்கத்துத் துணை சோடியம்.

அப்பா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதன் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கூட்டும். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் எண் கூடிக் காட்டும். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால் தயங்காமல் அழைத்துப் போங்கள்.